அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் பார்க்க முடிகிறதே, பிறகு பார்ப்பது எப்படி ஒரு செயலாகும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பார்ப்பது மூளைக்குள் நமக்கு நேர்கிற ஒன்று இல்லை, உடலைக் கொண்டு நாம் செய்கிற ஒன்று என்று இனாக்டிவ் கொள்கை சொல்வதாகப் படித்திருக்கிறீர்கள். ஆனால் நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தாலும் அறை முழுக்கத் தெரிகிறது. தூக்கத்தில் உடம்பு கட்டையாகக் கிடக்கும்போதும் கனவில் காட்சி ஓடுகிறது. அப்படியானால் கொள்கை பார்த்த மாத்திரத்திலேயே பொய். இல்லை, கண்ணும் கழுத்தும் அசைந்தால் நன்றாகத் தெரியும் என்பதுதான் அது சொல்லவருவது என்றால், அது குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அதற்குத் தத்துவம் எதற்கு? கூடவே, படங்களை அடையாளம் காணும் கணினி நிரல் 'பார்க்கிறதா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். மனத் தத்துவம் பாடம் நடத்துகிறவன் நான், மூளை ஆய்வாளன் இல்லை. இந்தப் பாடத்தைத் தொடங்கினால் முதல் வகுப்பிலேயே யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். தேர்ந்த தத்துவவாதிகள் எழுதிய மறுப்புகளில் பாதி, இதே கேள்வியின் நீட்டி முழக்கிய வடிவங்கள்தான். அதனால் கேள்வி சின்னது என்று நினைத்துவிடாதீர்கள்.

இனாக்டிவ் என்ற பெயரில் ஒரே கொள்கை இல்லை. ஃபிரான்சிஸ்கோ வரேலா, ஈவன் தாம்சன், எலினோர் ராஷ் மூவரும் 1991-இல் எழுதிய புத்தகத்தோடு இந்தப் பெயர் பரவியது. அந்தக் கிளையின் வேர் உயிரியலில் இருக்கிறது. வரேலாவும் அவருடைய ஆசிரியர் மட்டுரானாவும் 1970-களில் சிலி நாட்டில் முன்வைத்த கருத்து அது: உயிர் என்பது தன்னைத்தானே உண்டாக்கிக் காத்துக்கொள்ளும் அமைப்பு, அதற்கு எது நல்லது எது கெட்டது என்பதிலிருந்தே அதன் உலகம் பிறக்கிறது. இரண்டாவது கிளை, கெவின் ஓ'ரீகனும் ஆல்வா நோயியும் 2001-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்தும், நோயி 2004-இல் எழுதிய நூலிலிருந்தும் வளர்ந்தது. இது நேரடியாகப் புலனுணர்வைப் பற்றியது. மூன்றாவதாக ஹட்டோ, மியின் இருவரின் தீவிரப் பிரிவு ஒன்றும் உண்டு. அடிப்படை நிலை மனத்துக்கு, உலகம் இப்படி இருக்கிறது என்று சொல்லும் உள்ளடக்கம் என்பதே கிடையாது என்பது அவர்கள் கட்சி. உங்கள் கேள்வி குறிவைப்பது இரண்டாவதை. மற்ற இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கிவைக்கிறேன்.

ஓ'ரீகனும் நோயியும் யாரோடு சண்டை பிடிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அவர்கள் சொல்வது விளங்கும். கண்ணில் விழும் பிம்பம் மிக மோசமான சரக்கு. நுணுக்கமாகத் தெரிவது பார்வையின் நடுவில் ஏறக்குறைய 2 டிகிரி அகலத்துக்குத்தான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. அதற்கு வெளியே தெளிவு மளமளவென்று குறைந்துவிடும். நரம்பு வெளியேறும் இடத்தில் ஒரு குருட்டுப்புள்ளி வேறு. போதாக்குறைக்குக் கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவிக்கொண்டே இருக்கிறது. இருந்தும் நமக்கு அறை முழுக்க, மூலை முடுக்கெல்லாம், ஆடாமல் ஒரே சீராகத் தெரிவதாகத்தான் தோன்றுகிறது. டேவிட் மார் என்ற பார்வை ஆய்வாளரின் 1982 நூல் போன்ற செவ்வியல் கோட்பாடுகள் இதற்குத் தந்த விடை: மூளை இந்தத் துண்டு துணுக்குகளிலிருந்து படிப்படியாகக் கணக்கிட்டு, உள்ளுக்குள் உலகத்தின் மாதிரி ஒன்றைக் கட்டியெழுப்புகிறது. ஓ'ரீகன் 1992-இலேயே இதை மறுத்தார். உலகம் கண்ணெதிரே இருக்கும்போது அதை உள்ளே நகலெடுத்து வைப்பானேன்? எந்த மூலை வேண்டுமோ அங்கே கண்ணைத் திருப்பினால் போயிற்று. உலகமே நமக்கு வெளியே இருக்கும் நினைவுக் கிடங்கு என்றார்.

இதை ஒரு நிமிடத்தில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டிலை ஒரு கையால் பிடியுங்கள். தோலில் உண்மையில் படுவது ஐந்து விரல் நுனிகளும் உள்ளங்கையில் ஒரு பகுதியும் மட்டுமே. விரல்களுக்கு இடையே வெற்றிடம். ஆனால் ஐந்து தனித்தனிப் பாட்டில் துண்டுகளைத் தொடுவதாக உங்களுக்குத் தோன்றாது, ஒரு முழுப் பாட்டிலைப் பிடித்திருப்பதாகத்தான் தோன்றும். விரல்களுக்கு இடைப்பட்ட கண்ணாடியை மூளை ஏதோ பசை போட்டு நிரப்பியதால் இப்படி என்று யாரும் சொல்வதில்லை. விரலை இந்தப் பக்கம் நகர்த்தினால் இப்படி வழுக்கும், மேலே கொண்டுபோனால் கழுத்து குறுகும் என்பது கைக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பரிச்சயமே முழுமையாகத் தோன்றுகிறது. பார்வையும் இப்படித்தான் என்பது நோயியின் வாதம். பானையின் பின்பக்கம் கண்ணில் படவில்லை, ஆனாலும் அட்டையில் வெட்டிய முன்பக்கத்தைப் பார்ப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. ஓர் அடி நகர்ந்தால் அது எப்படித் திரும்பும் என்பது தெரிந்திருப்பதால் பின்பக்கமும் ஒரு விதத்தில் முன்னே இருக்கிறது.

உங்கள் முதல் மறுப்புக்கு விடை இங்கேயே வந்துவிட்டது. கொள்கை கேட்பது அசைவை இல்லை. அசைந்தால் என்ன மாறும் என்ற கைவந்த அறிவை. அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் அது இருக்கிறது, நீச்சல் தெரிந்தவருக்குக் கரையில் நிற்கும்போதும் நீச்சல் தெரிந்திருப்பதைப் போல. இதற்கு மேல், நீங்கள் அசையாமல் இருப்பதாக நினைக்கும்போதும் கண் நுண்ணிய அளவில் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்ற விஷயமும் உண்டு. 1950-களில் கண்ணோடு சேர்ந்தே நகரும்படி பிம்பத்தை விழித்திரையில் நிலைநிறுத்திப் பார்த்தார்கள். சில விநாடிகளில் அது மங்கி மறைந்தது. இனாக்டிவ் ஆதரவாளர்கள் இதைத் தங்கள் பக்கச் சாட்சியாக நிறுத்துவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாறாத தூண்டுதலுக்கு நரம்புச் செல்கள் சலித்துப்போய் ஓய்ந்துவிடுகின்றன என்ற சாதாரண விளக்கமே அதற்குப் போதும். கண் அசைய வேண்டும் என்பது உறுதி. பார்ப்பது ஒரு திறமை என்பதை அது நிரூபிக்காது.

இதே போல அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்படும் இன்னொரு சாட்சி, மாற்றக் குருடு. ஒரு புகைப்படமும், அதில் ஏதோ ஒன்று மட்டும் மாற்றப்பட்ட மற்றொரு படமும், நடுவில் கண நேர வெற்றுத்திரையோடு மாறி மாறிக் காட்டப்படும். விமானத்தின் எஞ்சினே காணாமல் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கும், பார்ப்பவர் தேடித் தேடியும் நெடுநேரம் கண்டுபிடிக்க மாட்டார். ரென்சிங்க், ஓ'ரீகன், கிளார்க் 1997-இல் இதை வெளியிட்டார்கள். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், நடுவே கொரில்லா வேடத்தில் நடந்துபோன ஆளைக் கவனிக்கவேயில்லை என்ற 1999-ஆம் ஆண்டுச் சோதனையும் பிரபலம். உள்ளே முழுப் படம் இருந்தால் இப்படி நடக்குமா என்பது கேள்வி. நடக்கலாம். படம் உள்ளே இருந்து, முந்தையதையும் பிந்தையதையும் ஒப்பிடாமல் விட்டிருக்கலாம். பார்த்த உடனே மறந்தும் இருக்கலாம். நாம் நினைக்கிற அளவுக்கு நமக்குத் தெரிவதில்லை என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது.

கனமான சாட்சிகள் வேறு இரண்டு இருக்கின்றன. ஒன்று, ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹைனும் 1963-இல் செய்த பூனைக்குட்டிச் சோதனை. இருட்டில் வளர்ந்த குட்டிகளை இரண்டிரண்டாக எடுத்து, கோடு போட்ட சுவர் கொண்ட ஓர் உருளைக்குள் விட்டார்கள். நடுவில் ராட்டினம் போல ஒரு குறுக்குத்தண்டு. அதன் ஒரு முனையில் பூட்டிய குட்டி தன் காலால் நடக்கும். மறுமுனையில் தொங்கும் சிறு பெட்டியில் இன்னொரு குட்டி உட்கார்ந்திருக்கும். முதல் குட்டி திரும்பினால் பெட்டியும் அதே அளவு திரும்பும். ஆக, கண்ணில் படும் காட்சி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒன்றுக்குத்தான் தன் நடையால் காட்சி மாறியது. வெளிச்சத்தில் கழிந்த நேரம் அந்த ராட்டினத்தில் மட்டுமே, நாளுக்கு 3 மணி நேரம். பல நாள் கழித்துச் சோதித்தபோது, நடந்த குட்டி மேசை விளிம்பை நெருங்கியதும் பாதத்தை நீட்டியது, பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது. சுமக்கப்பட்ட குட்டி இரண்டையும் செய்யவில்லை. தானாக ஓடியாட விட்ட பிறகு சில நாட்களிலேயே தேறிக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் கண்ணில் கோளாறு ஏதும் இல்லை என்பதற்கு அது ஆதாரம். இந்தச் சோதனை காட்டுவது, வளரும் பருவத்தில் சுய இயக்கம் இல்லாமல் பார்வை செயலோடு இணையாது என்பது. சுமக்கப்பட்ட குட்டிக்குப் பார்வை அனுபவம் எப்படி இருந்தது என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

மற்றொன்று பால் பாக்-இ-ரீட்டாவின் கருவி, 1969. பல் மருத்துவர் நாற்காலி ஒன்றின் முதுகுப்புறத்தில் வரிசைக்கு 20 வீதம் 20 வரிசையாக 400 அதிர்வு முனைகள். ஒரு வீடியோ கேமரா எடுக்கும் படம் அந்த முனைகளின் அதிர்வாக, உட்கார்ந்திருக்கும் பார்வையற்றவரின் முதுகில் பதியும். கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால் முதுகில் குறுகுறுப்பு, அவ்வளவே. அதை அவரே கையில் வாங்கி அப்படி இப்படித் திருப்பிப் பழகியதும் கதை மாறியது. பயிற்சிக்குப் பிறகு பொருட்களையும் முகங்களையும் அடையாளம் கண்டார்கள், எது எதை மறைக்கிறது என்று சொன்னார்கள். முக்கியமாக, அந்தப் பொருள் முதுகில் இல்லை, எதிரே தள்ளி இருப்பதாகச் சொன்னார்கள். ஒருமுறை பயன்படுத்துகிறவருக்குச் சொல்லாமல் யாரோ லென்சைத் திருகிப் பிம்பத்தைச் சட்டென்று பெரிதாக்க, எதிரிலிருந்து ஏதோ பாய்ந்து வருவதாக நினைத்து அவர் பின்வாங்கினார். அதிர்வு பட்டது முதுகில் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தச் சோதனை இந்தக் கொள்கைக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நோயி தரப்பில் பார்வையைப் பார்வையாக்குவது கண்ணோ, மூளையின் பின்மடலோ இல்லை. நகர்ந்தால் பெரிதாகும், திரும்பினால் விலகும், குறுக்கே ஏதாவது வந்தால் மறையும் என்ற விதிகளின் தொகுப்பே பார்வை. அந்த விதிகளை முதுகுத் தோல் வழியாகக் கொடுத்தாலும் பார்வைக்கு நெருங்கிய ஏதோ ஒன்று கிடைக்க வேண்டும். கிடைத்தது. ஆனால் அது பார்வையா, மிக நுட்பமான தொடு உணர்வா என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. பயன்படுத்தியவர்கள் விரும்பினால் முதுகின் குறுகுறுப்பையும் கவனிக்க முடிந்தது. நெட் பிளாக் போன்ற தத்துவவாதிகள் அதைப் பிடித்துக்கொண்டு, அனுபவம் தொடுகையாகவே இருந்தது, ஊகம் மட்டும் வெளியே போனது என்கிறார்கள். என்னைக் கேட்டால், 'எதிரே இருக்கிறது' என்ற தூரத் தன்மையை இயக்கம்தான் தருகிறது என்பது வரைக்கும் இந்தச் சோதனை உறுதியாகத் தாங்கும். வெளிச்சமும் நிறமுமான அந்தப் பார்வைத் தன்மையையும் தருகிறது என்பதைத் தாங்காது.

சுவாரசியமான ஒரு பக்கக்கதை. பிறவியிலேயே பார்வையற்றவர் தொட்டுத் தெரிந்துவைத்திருக்கும் கனசதுரத்தையும் கோளத்தையும், பார்வை வந்ததும் கண்ணால் மட்டுமே பிரித்தறிவாரா என்று மாலினோ என்ற அயர்லாந்து அறிஞர் 17-ஆம் நூற்றாண்டிலேயே தத்துவவாதி ஜான் லாக்கைக் கேட்டார். இந்தியாவில் பிரகாஷ் திட்டத்தின் கீழ் அறுவை சிகிச்சை பெற்ற ஐந்து சிறார்களைக் கொண்டு அதைச் சோதித்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் வேறு யாருமில்லை, பூனைக்குட்டி ஹெல்ட்டேதான். கட்டு அவிழ்த்த உடனே, கண்ணால் பார்த்த இரண்டைச் சிறார்கள் சரியாக ஒப்பிட்டார்கள். கையால் தொட்ட இரண்டையும் சரியாக ஒப்பிட்டார்கள். தொட்டதைக் கண்ணால் அடையாளம் காட்டச் சொன்னபோது குருட்டாம்போக்கில் சொல்வதற்குச் சற்றே மேல். மறுபடி சோதிக்க முடிந்தவர்கள் சில நாட்களிலேயே தேறிவிட்டார்கள். பழக்கத்தால் வருகிறது என்று காட்டுவதால் இது இனாக்டிவ் கொள்கைக்கு வெற்றி என்று பலர் எழுதுகிறார்கள். அவர்கள் நோயியின் நூலை ஒழுங்காகப் படித்திருக்க மாட்டார்கள். ஒரு வடிவத்தை உண்மையிலேயே பார்க்கத் தொடங்கிவிட்டால், தொடுகைக்கும் பார்வைக்கும் பொதுவான இயக்க விதிகள் பிடிபட்டுவிடும், ஆகவே மாலினோவுக்கு விடை 'ஆம்' என்பது அவருடைய நிலைப்பாடு. அந்தச் சிறார்கள் கண்ணால் பார்த்தவற்றைத் தங்களுக்குள் சரியாக ஒப்பிட்டார்கள், ஆனால் தொடுகையோடு இணைக்க முடியவில்லை. 'அவர்கள் இன்னும் வடிவத்தைப் பார்க்கவில்லை' என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். கொஞ்சம் இழுவையான வாதமாகவே எனக்குப் படுகிறது.

இனி உங்கள் கனவுக்கு வருவோம். இது அசையாமல் இருப்பதைவிடக் கடினமான மறுப்பு. நோயி தரும் விடையில் இரண்டு துண்டுகள் உண்டு. கனவு காண்பவர் விழிப்பில் ஏற்கெனவே அந்தத் திறமையைக் கற்றவர். மேலும் கனவுக் காட்சி நிலையற்றது, திரும்பிப் பார்த்தால் முகம் மாறிவிடும், எழுத்து வேறாகிவிடும். உலகம் என்ற முட்டுக்கொடுப்பு இல்லாததால்தான் அப்படி. இரண்டாவது துண்டு எனக்குப் பிடிக்கும், கனவின் அந்தக் குழப்பத்தை மூளைக்குள்-மாதிரிக் கொள்கையும் தனியாக விளக்கியாக வேண்டும். ஆனால் விடை பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. நிலையற்ற அனுபவமும் அனுபவமே. 1968-இல் பிரிண்ட்லியும் லெவினும் பார்வையற்ற ஒருவரின் மூளைப் பார்வைப் பகுதியில் மின்முனைகள் பொருத்தித் தூண்டியபோது, அவருக்கு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. அவர் கண்ணையோ கழுத்தையோ திருப்பித் தேடிக் கண்டுபிடித்த புள்ளிகள் இல்லை அவை. குறைந்தபட்சம் இந்த வகை எளிய காட்சிக்கு அந்த நேரத்து மூளை இயக்கமே போதும் என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நீங்கள் எழுப்பாத இன்னொரு மறுப்பும் உண்டு. உங்கள் தரப்புக்கு வலு சேர்ப்பது. 1988-இல் கார்பன் மோனாக்சைடு நச்சால் மூளை பாதிக்கப்பட்ட, ஆய்வுகளில் டி.எஃப். என்று குறிப்பிடப்படும் பெண். ஒரு பிளவு நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஒரு அட்டையைக் கொடுத்து அதற்குள் போடச் சொன்னால், கை சரியாகத் திரும்பிப் போட்டுவிடும். அவரை ஆராய்ந்த மில்னரும் குடேலும் இதிலிருந்து, செயலை நடத்தும் பார்வைப் பாதை வேறு, நமக்குத் தெரிகிற பார்வையைத் தரும் பாதை வேறு என்றார்கள். அந்தப் பிரிவினை அவர்கள் சொன்ன அளவுக்குத் துல்லியமா என்பது பிற்பாடு கேள்விக்குள்ளானது. இருந்தாலும் 'பார்ப்பது செயலை நடத்தும் திறமை' என்று யாராவது சொன்னால் டி.எஃப். அவருக்கு நேர் எதிர்ச் சாட்சி. நோயி அப்படிச் சொல்லவில்லை. காட்சி எப்படி மாறும் என்று அறியும் திறமையும், கையை வழிநடத்தும் திறமையும் வேறு வேறு என்பார். அந்த வேறுபாடு நியாயமானதே. ஆனால் அதைச் செய்த பிறகு, பார்வைக்குள் 'செயல்' என்று நாம் முதலில் எதிர்பார்த்தது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆக உங்கள் இருமுனைக் கேள்விக்கு என் நேர்மையான விடை இது. 'அசைந்தால் நன்றாகத் தெரியும்' என்ற சப்பையான கூற்றை விட இந்தக் கொள்கை நிச்சயமாக அதிகம் சொல்கிறது. பார்ப்பதும் கேட்பதும் ஏன் இவ்வளவு வேறுபட்ட அனுபவங்கள், கண்ணில் படாத பின்பக்கம் எப்படித் தெரிவதில் சேர்கிறது, முதுகில் பட்டது ஏன் எதிரே தெரிகிறது என்பவற்றுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கண்டதில்லை. ஆனால் இயக்க அறிவு பார்வைக்குக் காரணமா (அதை உண்டாக்க உதவுவது மட்டுமா), இல்லை அதன் அங்கமா (பார்வையே அதனால் ஆனதா) என்ற இடத்தில் பிளாக் வைத்த கேள்வி இன்னும் நிற்கிறது. பொய் என்று நீங்கள் சந்தேகிப்பது இந்த 'அங்கம்' என்ற வலுவான கூற்றைத்தான், அந்தச் சந்தேகம் நியாயமானது. மேலே சொன்ன எந்தச் சோதனையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து தராது. காரணம் என்று வைத்தாலும் அதே முடிவுகள்தான் வரும். என் சாய்வு, அனுபவத்தின் அமைப்புக்கு அது அங்கம், அனுபவம் என்று ஒன்று இருப்பதற்கே அங்கமா என்றால் இல்லை என்பது. இதை நோயி ஏற்க மாட்டார்.

கணினி நிரலைப் பொறுத்தவரை, எந்தக் கிளையைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். அசையாப் படங்களை லட்சக்கணக்கில் ஊட்டிப் பழக்கிய நிரலுக்கு, தான் நகர்ந்தால் என்ன மாறும் என்பது தெரியாது. ஆகவே அது பார்க்கவில்லை என்று ஓ'ரீகன் பக்கம் சொல்லும். கேமராவைத் தானே திருப்பித் திருப்பிக் கற்கும் ரோபோ வந்தால் அவர்கள் இறங்கிவருவார்கள். கற்றதைத் தன் முடிவுகளுக்கும் பயன்படுத்தினால் 'பார்க்கிறது' என்றே சொல்லத் தயாராக இருப்பார்கள். வரேலா பக்கம் அப்போதும் மறுக்கும். சர்க்கரை அடர்த்தி கூடும் திசையில் நீந்தும் பாக்டீரியாவுக்குக் கூட அந்தச் சர்க்கரை ஒரு பொருட்டு, கிடைக்காவிட்டால் அது செத்துவிடும். ரோபோவுக்கு எதுவுமே ஒரு பொருட்டில்லை என்பார்கள். எனக்கு இரண்டாவது விடையில் ஈர்ப்பு அதிகம். ஆனால் அந்த வழியில் போனால் பார்வையைப் பற்றிய கொள்கை உயிரைப் பற்றிய கொள்கையாகிவிடுகிறது, பாக்டீரியாவுக்கும் ஏதோ தெரிகிறதா என்ற கேள்விக்கு அவர்கள் விடை சொல்லியாக வேண்டும். தாம்சன் 2007-இல் ஒரு பெரிய நூல் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டுகிறார்.